இன்கியூபேட்டருக்கு வைத்த பொட்டு

என்னைக் கண்டால் ஆட்கள் முதலில் கோப்பிக் கப்பை ஒளிப்பார்கள். திறந்த செருப்புப் போட்டிருந்தால் காலையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொள்வார்கள். மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கட்டடம் கட்டடமாகப் போய், கண் கழுவும் குழாயைத் திறந்து தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுவேன். அவசர ஷவரின் சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன். கழிவுப் போத்தல்களில் உள்ளே இருப்பதன் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வண்டியில் ஏற்றுவேன். புதிதாக வருபவர்களுக்கு ஆய்வுகூடத்தைச் சுற்றிக் காட்டி, எது எங்கே இருக்கிறது, எது கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். இதற்கு இன்டக்‌ஷன் என்று பெயர். அதைக் கொடுப்பதற்கு எனக்கு ஒரு சான்றிதழ் உண்டு. என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். பத்தாம் வகுப்பை இரண்டு ஊர்களில் தொடங்கி ஓர் ஊரிலும் முடிக்காதவன் நான்.

அதற்கு முன் பார்த்த வேலைகள் பல. அகதியாகப் படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே விட்டதும் கோழித் தொழிற்சாலை. பிறகு மில்டுரா பக்கம் திராட்சை. பிறகு சிட்னி. பென்டில் ஹில்லில் ஒரு கராஜுக்குள் இன்னும் சிலரோடு படுத்து எழும்பி, போத்தல் தரம்பிரிக்கும் ஒரு யார்டுக்குப் போய் வந்தேன். அங்கே ரப்பர் செருப்போடுதான் வேலை. ஒருநாள் உடைந்த போத்தல் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிக்காலுக்குள் போனது. முதலில் வேலை போனது, பிறகு கால் ஆறியது. கால் ஆறியதும் மெல்பேர்னுக்கு பஸ் ஏறினேன். ஓர் இடத்தில் கொஞ்சக் காலம் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். இந்த வேலையில் மட்டும் நிலைத்ததற்குக் காரணம் இதில் நாள் முழுக்க நடக்கலாம் என்பதுதான்.

அப்படி நடந்து திரிந்தபோதுதான் அந்தப் பிள்ளையைத் தெரிய வந்தது. மதுரைப் பக்கத்தவள். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மனித இதயத்தின் தசைச் செல்களைத் தட்டில் வளர்ப்பது அவளுடைய வேலை. ஒருநாள் நான் குழாயைச் சோதிக்கப் போனபோது, “அங்கிள், வந்து பாருங்க” என்று கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள்.

“அண்ணா எண்டு சொல்லு. எனக்கு அவ்வளவு வயசில்லை” என்றபடி குனிந்து பார்த்தேன்.

கண்ணாடிக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு படலம். அது துடித்துக்கொண்டிருந்தது. உடம்பு இல்லை, ஆள் இல்லை, துடிப்பு மட்டும் இருந்தது. நான் தலையை எடுக்கவில்லை.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாடு குடுக்கணும் அங்கிள். இந்த ரோஸ் கலர் தண்ணிதான் சாப்பாடு. பழசானா மஞ்சளாயிடும். மஞ்சளானதுக்கப்புறமும் மாத்தாம விட்டா, அவ்வளவுதான்.”

அந்தச் செல்கள் வளர மாதக்கணக்கானது. அவளுடைய உதவித்தொகை வருடக் கடைசியோடு முடிகிறது. அந்தச் செல்களை வைத்துச் செய்யும் கடைசிப் பரிசோதனை முடிந்தால் பட்டம். அவை செத்தால் இன்னொரு தொகுதி வளர்க்க நேரமில்லை. இதை அவள் என்னிடம் அழுது சொல்லவில்லை. வீட்டுச் சாப்பாடு பற்றிப் பேசுவது போலப் போகிற போக்கில் சொன்னாள்.

ஒக்டோபரில் ஒரு காலை எங்கள் பிரிவுக்கு தொலைபேசி வந்தது. அவளுடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெடியன் பேசினான். செல் வளர்க்கும் அறையில் எல்லா இயந்திரங்களிலும் சிவப்புத் தூள் இருக்கிறதாம். சிந்தின மாதிரி இல்லை, யாரோ வேண்டுமென்றே பூசின மாதிரி இருக்கிறதாம்.

எங்கள் பொஸ், பிரிவுத் தலைவி, முன்பு தீயணைப்பு வண்டியில் வேலை செய்த பெண்மணி. உயரமானவர். அவசரப்படவே மாட்டார், ஆனால் எல்லோருக்கும் முதல் போய்ச் சேர்ந்துவிடுவார். நான் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது கதவுக்குக் குறுக்கே மஞ்சள் டேப் கட்டி முடித்திருந்தார்.

“கண்ணாடியால் பார். உள்ளே போகாதே” என்றார்.

நான் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கு முதல்நாள் ஆயுத பூசை. எங்கள் பக்கத்தில் புத்தகத்தை வைத்து சரஸ்வதி பூசையோடு முடித்துக்கொள்வோம். அவர்கள் பக்கத்தில் பஸ், லொறி, தையல் மெஷின், திருகாணி முடுக்கி வரைக்கும் பொட்டு வைப்பார்கள். இவள் ஒன்றையும் விடவில்லை. சுழற்றும் இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். மைக்ராஸ்கோப்புக்கு ஒன்று. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்று. செல்கள் இருக்கும் இன்கியூபேட்டரின் இரண்டு கதவுக்கும் பெரிதாக ஒவ்வொன்று. தீயணைப்பானுக்கும் இருந்தது. நான் வாராவாரம் திறந்து மூடும் கண் கழுவும் குழாய்க்கும் இருந்தது. அந்தக் குழாயை வேறு யாரும் இவ்வளவு மரியாதையாக நடத்தி நான் கண்டதில்லை.

“எதற்குச் சிரிக்கிறாய்?” பொஸ் கேட்டார்.

“இது குங்குமம். பூசைக்கு வைப்பது. வருடத்தில் ஒருநாள் எங்கள் ஆட்கள் வேலை செய்யும் கருவிகளுக்கு நன்றி சொல்லுவார்கள்.”

“அந்தச் சுழற்றும் இயந்திரத்துக்கு யாராவது நன்றி சொல்லத்தான் வேண்டும். எவ்வளவு காலமாக உழைக்கிறது. சரி, அந்தத் தூளில் என்ன இருக்கிறது?”

“மஞ்சளும் சுண்ணாம்பும்.”

“நீ செய்து பார்த்திருக்கிறாயா? பெட்டியில் எழுதியிருக்கிறதா? அல்லது யாராவது சொன்னார்களா?”

“சொல்லக் கேட்டது.”

“அப்போ உனக்குத் தெரியாது” என்றார் சாதாரணமாக. அவர் சொன்னது சரிதான். பெயர் ஒட்டாத போத்தலை நானே வண்டியில் ஏற்ற மாட்டேன்.

அப்போதுதான் அவள் தோளில் பையோடு வந்தாள். டேப்பைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“என்ன அங்கிள், தீ கீ புடிச்சிருச்சா?”

“இல்லை. நீ வைச்ச பொட்டுத்தான்.”

“விளையாடாதீங்க.”

“நான் விளையாடேல்லை. டேப்பைக் கட்டினது அவ.”

அவள் பொஸ்ஸைப் பார்த்தாள். ஆங்கிலத்தில், அது தான்தான் என்று உடனே சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பொரிந்தாள். “விளக்கு ஏத்தல. கற்பூரம் கொளுத்தல. பொரிகடலையைக்கூட வெளிய காரிடார்ல நின்னுதான் சாப்பிட்டேன். எலுமிச்சம்பழம் உணவுப்பொருள்னு அதையும் கொண்டு வரல. ஒவ்வொரு ரூலா யோசிச்சு யோசிச்சுத்தானே பண்ணேன்!”

நான் அதை மொழிபெயர்த்தேன். பொஸ் உண்மையாகவே தலையாட்டிக் கேட்டார். “தூள் மட்டும் யோசனையில் வரவில்லை” என்றார்.

குங்குமப் பொட்டலம் அவளுடைய பையில் இருந்தது. ஊரில் தேரடிக்குப் பக்கத்தில் ஏதோ கடையில் அவளுடைய அம்மா வாங்கி அனுப்பியது. இரசாயனப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். கையில் துவக்கு மாதிரி விசை வைத்த ஒரு கருவி. எந்தப் பொருளில் எந்த உலோகம் இருக்கிறது என்று அது சொல்லும். பொட்டலத்தின் மேல் வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

“ஈயம் இருக்கிறது. நிறைய இல்லை. ஆனால் இருக்கிறது.”

அவளுடைய கை தானாகவே நெற்றிக்குப் போனது. என்னுடையதும் போனது. நான் அன்று பொட்டு வைத்திருக்கவில்லை.

பொஸ் விளக்கினார். ஈயத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நஞ்சு, ஆகவே வெளியிலிருந்து ஆட்கள் வந்து அறையை முழுதாகத் துடைக்க வேண்டும். அதற்கு ஓரிரு நாள் ஆகும். அதுவரை அறை பூட்டு. அவள் பதறிப்போய்ச் செல்களைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்குச் சாப்பாடு மாற்ற வேண்டிய நாள் என்றாள். பொஸ் யோசித்துவிட்டு, “உயிருள்ளவை உள்ளே இருந்தால் அவசர நுழைவுக்கு இடம் உண்டு. முழுப் பாதுகாப்பு உடுப்பு, முகக்கவசம், இரண்டு பேர். இவனையும் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

அவளுக்கு மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பொஸ் கண்ணாடியால் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

“அந்த நிலத்தில் என்ன?”

இன்கியூபேட்டருக்கு முன்னால் சிவப்பாக ஒரு பாதம். சின்னப் பாதம். பெருவிரல் முதல் சுண்டுவிரல் வரை அச்சொட்டாக விழுந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக் குனிந்து தமிழில் அவசரமாகப் பேசினாள். “அங்கிள், பழைய கறைன்னு சொல்லிருங்க. ப்ளீஸ். வெறுங்கால்னு தெரிஞ்சா கார்டைப் புடுங்கிடுவாங்க. கார்டு இல்லன்னா யாரோட போனாலும் உள்ள விடமாட்டாங்க.”

அவள் சொன்னது உண்மை. அந்த அறையில் மூடிய சப்பாத்து இல்லாமல் நுழைந்தால் அனுமதி அட்டை உடனே நிற்கும். விதி அப்படி.

பொஸ் என் பக்கம் திரும்பினார். “உங்கள் வழக்கத்தில் பூசைக்குச் சப்பாத்தைக் கழற்றுவீர்களா?”

முகாமில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் கதிரையில் இருந்து ‘தெரியாது’ என்று சொல்லிப் பழகியவன் நான். அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது. ஆனால் அந்த அறையின் நிலம் எனக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்புக்கு வைக்கும் கண்ணாடித் துண்டுகள் அங்கே அடிக்கடி விழுந்து உடையும். நகத்தைவிட மெல்லிசு. கூட்டினாலும் கண்ணுக்குத் தெரியாமல் மூலையில் கிடக்கும். அதில் ஒட்டியிருப்பது தண்ணீர் இல்லை, யாரோ ஒருவருடைய செல்கள். என் குதிக்காலுக்குள் போனது வெறும் பியர் போத்தல்தான்.

“ஓம். கழற்றுவோம்” என்றேன்.

அவள் என் கையை விட்டாள். “காட்டிக் குடுத்துட்டீங்கல்ல?”

“விரல் எல்லாம் தெரியுது, பிள்ளை. இனி அதில காட்டிக் குடுக்க என்ன இருக்கு?”

அவள் கண்ணாடியால் அந்தப் பாதத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பொஸ்ஸிடம் தானே சொன்னாள். வெளியே சப்பாத்தைக் கழற்றி, கைகழுவும் இடத்தில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாளாம். ஈரக் கால் சிந்தின குங்குமத்தில் பட்டிருக்கிறது.

“காலைக் கழுவினாயா? ஏன்?”

“சுத்தமா இருக்கணும்னு.”

பொஸ் கூரையைப் பார்த்தார். “இவ்வளவு சுத்தமாக விதியை மீறிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை” என்றார். சொல்லிக்கொண்டே தன் தொலைபேசியில் ஏதோ தட்டினார். அவளுடைய அட்டை செத்தது. இன்டக்‌ஷனைத் திரும்ப எடுக்கும்வரை உயிர் வராது. அடுத்த வகுப்பு வரும் வாரம்.

அவள் காரிடாரில் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள். “அதுக்குள்ள எல்லாம் மஞ்சளாயிடும்” என்றாள். தொலைபேசியில் பேசிய பெடியனுக்கு அந்தச் செல்களைத் தொட அனுமதி இல்லை. அவளுடைய பேராசிரியர் ஏதோ மாநாட்டுக்கென்று வெளிநாட்டில். வேறு ஆள் இல்லை.

நான் பொஸ்ஸிடம் கேட்டேன். “வகுப்புக் கட்டாயமா, இன்டக்‌ஷன் கட்டாயமா?”

“இன்டக்‌ஷன்.”

“அதைக் குடுக்கிறது நான்தானே. இப்பவே குடுத்தால்?”

பொஸ் என்னை உற்றுப் பார்த்தார். “முழுதாகவா?”

“முழுதாக.”

“ஒரு வரி விடாமல்?”

“விடாமல்.”

“அப்படியென்றால் நான் பக்கத்தில் நிற்பேன்.”

எங்கள் ஊர் ஆட்கள் யாராவது வகுப்பெடுத்திருந்தால் தெரியும், தமிழில் பேசிப் பழகிய ஆளுக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்துவது எவ்வளவு கூச்சம் என்று. பக்கத்து ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனேன். இது தீயணைப்பான், இது அவசர ஷவர், சங்கிலி இது. அவள் நான் வாயைத் திறக்க முதலே தமிழில் விடை சொன்னாள், நானும் தமிழுக்கு மாறி ஒவ்வொரு வரியையும் பொஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.

“கண்ணில மருந்து தெறிச்சா...” என்று தொடங்கினேன்.

“உடனே கழுவணும், பதினஞ்சு நிமிஷம், இமையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, கூட ஒரு ஆளைக் கூப்பிடணும். அடுத்தது அண்ணா.”

“இப்பதான் அண்ணா வருதோ?”

“சீக்கிரம் அண்ணா!”

சப்பாத்துப் பகுதி வந்தது. அந்த இடத்தில் என் குதிக்கால் கதையைச் சொல்வது என் வழக்கம். புதிதாக வரும் எல்லோருக்கும் சொல்வேன். “கதை வேணாம் அண்ணா, ப்ளீஸ்” என்றாள். கதை வேண்டாமாம் என்று பொஸ்ஸிடம் சொன்னேன். “ஒரு வரியும் விடக்கூடாது” என்றார் அவர். அந்தக் கதையை முதல்முதல் கேட்டு என்னைச் சிரிக்க வைத்து, பாடத்தில் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். ஆகவே சொன்னேன். யார்டு, ரப்பர் செருப்பு, போத்தலின் கழுத்து, கால் ஊன்ற ஏலாமல் கராஜில் கிடந்தது, பக்கத்துப் பாயில் படுத்தவன் மஞ்சளை அரைத்துக் கட்டிவிட்டு அடுத்தநாள் என் வேலைக்குத் தான் போய்ச் சேர்ந்தது. அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் காலைப் பார்த்தாள்.

“ஆகவே இந்த அறைக்குள்ள என்ன போடோணும்?”

“மூடின ஷூ. குதிகாலும் மூடியிருக்கணும்.”

“சாமி வந்தால்?”

“சாமி வந்தாலும் ஷூ.”

பொஸ் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். “அதைப் பாடத்தில் சேர்த்துவிடு” என்றார். நான் கையெழுத்து வைத்தேன். அட்டைக்கு உயிர் வந்தது.

வெள்ளை உடுப்பு, முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை, அவளுடைய காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ். கதவைத் திறந்து உள்ளே போனோம். முதலில் நடக்கிற இடத்தையும் தொடப்போகிற இயந்திரங்களையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். தான் வைத்த பொட்டுகளைத் தானே ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் அந்தப் பாதத்தைத் துடைத்தேன். இன்கியூபேட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

“துடை” என்றேன்.

“மனசு வரல அண்ணா.”

“சாமி கோவிக்காது. பொஸ் கோவிப்பா.”

துடைத்தாள். துணிகளைப் பையில் போட்டுக் கட்டி, கையுறையை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். தட்டுகளில் தண்ணீர் ரோஸ் இல்லை. முழு மஞ்சளும் இல்லை. வெயிலில் கிடந்த பப்பாசித் தோல் மாதிரி ஒரு நிறம். ஒரு தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“என்ன?”

“துடிக்கல.”

கண்ணாடிக்கு வெளியே பொஸ் பெருவிரலை மேலே காட்டுவதா கீழே காட்டுவதா என்று கையை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்.

“செத்திருச்சுன்னு அர்த்தமில்ல” என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். “குளிர்பட்டாலும் நிறுத்திக்கும். கோவம் வந்தா மாதிரி.” பழைய தண்ணீரை உறிஞ்சி, சூடாக்கி வைத்த புதுத் தண்ணீரை ஒவ்வொரு தட்டாக விட்டாள். எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடினாள். காத்திருக்க வேண்டும். அந்த உடுப்புக்குள் எனக்கு வியர்வை முதுகால் ஓடியது. மூக்கு அரித்தது, சொறிய ஏலாது. அவள் சாமி கும்பிடுகிறாளோ என்று பார்த்தேன். கையுறைக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். பாடத்தில் சொன்னபடியே.

பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தாள். முதல் தட்டை ஒதுக்கி வைத்தாள். இரண்டாவதை வைத்துக் குனிந்தாள்.

“அண்ணா” என்றாள். “வாங்க.”

பார்த்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் நித்திரை கொள்ளும் பூனையின் வயிறு மாதிரி மெல்ல ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஓரமும் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக்கு வெளியே இருந்த பொஸ்ஸுக்குப் பெருவிரலைக் காட்டினேன். ஒரு தட்டுப் போய்விட்டது. மற்றவை இருந்தன. பரிசோதனைக்கு அது போதும் என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக கிரெய்கிபர்னில் நான் அறை வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரியிடம் சொன்னேன், குங்குமத்தில் ஈயம் இருக்கலாம், கவனம் என்று. அவர் குசினியில் சமைத்தபடியே, “நான் என்ன, அதைச் சாப்பிடுறனானோ?” என்றார். பிறகு சாமி அறையில் எதையோ இடம் அரக்கி வைக்கும் சத்தம் கேட்டது. என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை பரிசோதனையை முடித்தாள். அதற்குப் பிறகு ஒருநாள் குழாயைச் சோதிக்க நானும் பொஸ்ஸும் சேர்ந்து அந்தப் பக்கம் போனோம். செல் அறையின் கதவுக் கண்ணாடியில், கைபிடிக்கு மேலே, அரக்கு நிறத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. உள்ளே அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். காலில் மூடிய சப்பாத்து.

பொஸ் நின்றார். “தூளா?”

“இல்லை. ஒட்டுறது.”

“கண்ணாடிக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

விரலால் தொட்டுப் பார்த்தேன். “வெளிப்பக்கம்.”

“வெளிப்பக்கம் காரிடார். அது எங்களுடையதில்லை, கட்டடப் பராமரிப்புக்காரருடையது” என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.